நான்கு மிளகு

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால் இரண்டு அச்சுப் பெட்டியோடு சீமெந்துக் கல் அரியத் தொடங்கினேன். இன்றைக்கு எங்கள் பக்கம் எழும்பியிருக்கிற மாடி வீடுகளில் பாதிக்கு மேல் என்னுடைய கல். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஒருவரிடமும் கைகட்டி நிற்காமல் வந்தவன். என் உடம்பும் நான் சொன்னபடி கேட்கும் என்று அறுபத்து நாலு வயது வரை நம்பியிருந்தேன்.

எனக்கு ஒரே தம்பி. முப்பது வருடமாகச் சுவிசில், ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு நேரே ஒரு யன்னல், யன்னல் முழுக்கப் பனிமலை. பார்த்துப் பார்த்தே ஆசை பிடித்துவிட்டது. லீவு நாட்களில் அங்குள்ள சின்ன மலைகளில் ஏறிப் பழகினான். இமயமலையில் ஒரு உச்சியிலாவது நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். பிள்ளைகள் படித்து முடியட்டும், வீட்டுக் கடன் முடியட்டும் என்று அது தள்ளிப் போனது. பிறகு ஒரு நாள் போன் எடுத்தான்.

“அண்ணை, முழங்காலை மாத்த வேணுமாம். மாத்தினாப் பிறகு மலை சரிவராது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இந்த வருசம் நேபாளம் போறன். நீங்களும் வாங்கோவன்.”

“நான் வராட்டில்?”

“நான் போவன். ஆனா நாங்கள் ரெண்டுபேரும் ஒண்டாய் ஒரு இடமும் போனதில்லையே.”

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. வாறன் என்றேன். “தீபாவளிக்கு மலையடியிலை நிப்பம், அதிலையிருந்து நாலாம் நாள் உச்சி” என்றான்.

தீபாவளிக்கு அடுத்த நாள் கந்தசஷ்டி தொடங்கும். நாற்பது வருடமாக நான் பிடிப்பது மிளகு விரதம். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, அப்படியே ஆறாம் நாள் ஆறு. ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்குவது. பொழுதுபட ஒரு கிளாஸ் வெந்நீர். வேறொன்றும் இல்லை. அப்போதே தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பயணத்தைப் பத்து நாள் தள்ளிப் பதிந்திருப்பான். நான் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. பனிமலையில் நின்று சஷ்டி பிடித்தவன் எங்கள் ஊரில் ஒருவனும் இல்லை என்று மனம் உடனே கணக்குப் போட்டது.

பயிற்சி என்று சொல்லி என் கட்டடத்தின் மூன்று மாடிப் படியிலும் முதுகில் கல் மூட்டையோடு ஏறி இறங்கினேன். றோட்டால் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

“ஐயா, மேலை இன்னும் ரெண்டு மாடி எழுப்பப் போறியளோ?”

“இல்லையடா, நேபாளத்திலை எழுப்பப் போறன்.”

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “இந்தமுறை விரதத்தை விடுங்கோ. கோயிலிலை ஐயரைக் கேட்டா அவரே சொல்லுவார்” என்றாள். கோயிலில் நான் ஏற்கெனவே வேறு கதை சொல்லிவிட்டேன். “முருகன் இருக்கிறதே மலையிலை. நான் அங்கையே போய்ப் பிடிக்கிறன்” என்றேன். நாலு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதற்குப் பிறகு விடுவது எப்படி?

நேபாளத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு வழிகாட்டி. என் மகனின் வயதுதான் இருக்கும். முதல் நாளே அவர் சட்டம் சொன்னார், தம்பி தமிழில் எடுத்துச் சொன்னான். பனியில் மூன்று பேருக்கும் ஒரே கயிறு. ஒருவர் திரும்பினால் மூவரும் திரும்ப வேண்டும். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் சாப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு போத்தல் தண்ணீர். நான் தலையாட்டினேன்.

மலையடி வரை பத்து நாள் நடை. அதில் நான்தான் முன்னுக்கு. தம்பி முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு பின்னால் வருவான். “அண்ணை, மாமரத்திலையே ஏறாத ஆள், இஞ்சை வந்து ஆடுமாதிரி ஏறுறியள்” என்று பகிடி பண்ணுவான். அந்தப் பத்து நாளும் எனக்கு இப்போதும் இனிக்கும்.

பிறகு விரதம் தொடங்கியது. அந்த உயரத்தில் எல்லாருக்கும் பசி செத்துவிடும். தம்பியே அரைக் கோப்பை சூப்போடு நிறுத்திவிடுவான். அதனால் என்னுடைய ரொட்டியைச் சுமை தூக்குகிறவர்களுக்குக் கொடுத்ததை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. வழிகாட்டி மட்டும் ஒவ்வொரு காலையும் கேட்பார்.

“நேற்று எவ்வளவு தண்ணி குடிச்சனியள் எண்டு கேக்கிறார், அண்ணை.”

“நாலு போத்தல் எண்டு சொல்லு.”

இரண்டாம் நாள் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே கேட்டான்.

“அண்ணை, இது சஷ்டி நாளெல்லோ. விரதமோ?”

“எனக்கென்ன விசரோ” என்றேன்.

என் தம்பி என்னைச் சந்தேகப்படுகிறவன் இல்லை. நான் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லி அந்த மனிதரையும் நம்ப வைத்தான்.

நாலாம் நாள் விடிய, நான்கு மிளகை விழுங்கிவிட்டுக் கயிற்றைக் கட்டினேன். வெளிச்சம் வந்தபோது உச்சி தெரிந்தது. வழிகாட்டி கையால் காட்டி இன்னும் இரண்டு மணித்தியாலம் என்றார். தம்பி திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்தது சின்ன வயதில்தான். அதற்குப் பிறகு என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பனியில் இருந்துவிட்டேன். எழும்பச் சொன்னார்கள். எழும்புகிறேன் என்று சொன்னேனாம், ஆனால் எழும்பவில்லை.

வழிகாட்டி என் பையில் தண்ணீர் தேடினார். இரண்டு போத்தலும் வாய் திறக்காமல் அப்படியே இருந்தன. பக்கத்தில் மிளகு சுற்றிய கடதாசிச் சரை. அவர் அது என்ன மருந்து என்று கேட்டார். தம்பி சரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். ஏசவில்லை. சீனி கரைத்த வெந்நீரை என் வாயில் வைத்து, “குடியுங்கோ அண்ணை” என்றான். குடித்தேன். என் நாற்பது வருட விரதம் அங்கே முறிந்தது. அதற்கு நான் அழவில்லை. அவன் உச்சிப் பக்கம் திரும்பாமலே கயிற்றைச் சரிபண்ணினான். அதற்குத்தான் அழுதேன்.

இறக்கத்தில் ஒரு பக்கம் வழிகாட்டி, மறு பக்கம் தம்பி. என் பாரம் முழுக்க அவன் முழங்காலில் இறங்கியது. கீழே மலைக்கிராமத்து மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது எனக்கு ஓரளவு சுகம், அவனுக்குக் கால் மடக்க இயலாது. வழிகாட்டி நல்ல மனிதர். கொஞ்சம் இளைப்பாறிவிட்டுத் தம்பியை மட்டும் திரும்பக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டார். தம்பி காலைத் தொட்டுக் காட்டினான்.

“சொல்லியிருந்தா டிக்கெட்டைப் பத்து நாள் பிந்தி எடுத்திருப்பன் அண்ணை” என்று மட்டும் சொன்னான். அதைப் பற்றி அவன் கதைத்தது அவ்வளவுதான்.

தொடர்ந்து போடச் சொல்லித் தந்த மருந்தோடு ஊருக்கு வந்தால் எல்லாருக்கும் செய்தி வந்திருந்தது. தம்பிதான் போனில் சொல்லியிருக்கிறான். பனி கொட்டினது, வழிகாட்டி திருப்பிப்போட்டார், அண்ணை நல்லா ஏறினவர் என்று. கோயிலில் ஒருவர் கேட்டார், “விரதம் குறையில்லாமல் நடந்ததோ?” நான் ஓம் என்றேன். ஊரில் சொன்ன பொய் மலையில் சொன்னதைவிட லேசாக வந்தது.

போன மாசம் போனில் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். மன்னிப்பு என்ற சொல் என் வாயில் பழகாத சொல், ஆனாலும் கேட்டேன். “நீ திரும்பப் போ. நான் வரேல்லை. உன்னோடை வந்து கெடுக்கமாட்டன்” என்றேன்.

அவன் குசினியில் நின்றுதான் கதைத்தான். பாத்திரச் சத்தம் கேட்டது.

“ஒப்பரேசன் முடிஞ்சுதல்லோ அண்ணை” என்றான். பிறகு, “நீங்கள் மருந்து ஒழுங்காய்ப் போடுறியளோ?” என்று கேட்டான்.

போடுகிறேன் என்றேன். அது உண்மை.