அசராத பிரெண்டா

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பிரெண்டா சட்கிளிஃபுக்கு அறுபத்திரண்டு வயது. எதற்கும் அசரமாட்டார். கணவர் கிளைவ் இன்னொருத்தியோடு போன மறுநாள், ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம், "தெரிஞ்ச கதைதானே. டீக்கு சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டாராம். பத்தொன்பது வயதிலேயே ரொட்டி வேன் ஓட்டியவர். பனி கொட்டிய நாளிலும் ரொட்டி தவறாமல் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்ததை ஊரே சொல்லும். அவர் சொல்ல மாட்டார்.

இந்த ஊரில் வாயைப் பிளப்பது அவமானம். கூரையே பறந்தாலும் "வேற என்ன புதுசு?" என்பார்கள். பிரெண்டா அவர்களுக்கும் ஒரு படி மேல்.

எனக்கு முதியவர்களை வீடு வீடாகப் போய்க் கவனிக்கும் வேலை. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் எடுக்காவிட்டால் வேலை போய்விடும். நான்கு முறை தேர்வில் தோற்றிருந்தேன். மேட்டில் நின்று கிளம்பும்போதெல்லாம் வண்டி பின்னால் உருண்டுவிடும்.

பழைய ஆசிரியர் பதறிப்போய்க் கதவைப் பிடித்துக்கொள்வார். புதிதாகச் சேர்ந்த முதல் வகுப்பில் பிரெண்டாவோ மழையை வேடிக்கை பார்த்தார்.

"பின்னால போயிடுச்சு," என்றேன், அழாக்குறையாக.

"மேட்டுல வண்டி பின்னால போகுது. என்ன ஒரு அதிசயம். மறுபடி எடு, கண்ணு."

மூன்று வாரம் இதே பேச்சுதான். எனக்குக் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தில் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஐந்தாவது தேர்வு முடிந்து, காத்திருந்தவரிடம் ஓடினேன்.

"பாஸாயிட்டேன், பிரெண்டா."

"எனக்குத் தெரியாததா ஏதாவது இருந்தா சொல்லு."

சுருக்கென்றது. நான்கு முறை தோற்றவளுக்காக ஒரு புருவமாவது உயரக்கூடாதா?

"கொஞ்சம் ஆச்சரியப்பட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

டைரியை விரித்துக் காட்டினார். வியாழன் பத்து மணி, என் வகுப்பு நேரம். அடுத்த வாரத்திலிருந்து அங்கே வேறொரு பெண்ணின் பெயர் இருந்தது.

"இத எப்ப எழுதுனீங்க?"

"போன திங்கக்கிழம. அவ நேரம் கேட்டா. உனக்குத்தான் இனிமே தேவைப்படாதே."

தேர்வு நடந்தது இன்று, வெள்ளிக்கிழமை. அங்கேயே, மழையில், அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.