முப்பத்திரண்டாம் நாள்

கலைச்செல்வியின் பட்டியலில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். எல்லோரும் திருப்புலி நாடு என்ற மலைப்பகுதியில் அவள் வாழ்க்கைப்பட்ட ஊர்க்காரர்கள். ஒரே நாளில் ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு, ஃப்ளூ காய்ச்சலுக்கான ஊசியும் போட்டுக்கொண்டவர்கள். ஊசி போட்ட இருபத்தெட்டாம் நாள் மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும். மூன்று நாள் முந்தலாம், மூன்று நாள் பிந்தலாம். முப்பத்தோராம் நாளைத் தாண்டினால் அந்த ரத்தம் செல்லாது.

நர்ஸ் படிப்பு முடித்தவள். நாமக்கல்லில் உள்ள ஓர் ஆய்வு மையத்துக்காக மலையில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள். ஃப்ளூ கிருமியின் தலைப்பகுதி வருடத்துக்கு வருடம் உருமாறுகிறது. ஆகவே அடுத்து எந்த வகை வரும் என்று கணித்து ஊசியையும் வருடந்தோறும் மாற்றுகிறார்கள். தலையைத் தாங்கும் தண்டு அவ்வளவாக மாறுவதில்லை. தண்டை அடையாளம் காணும் எதிர்ப்புச் சக்தி மனித ரத்தத்தில் எவ்வளவு உண்டாகிறது என்று தெரிந்தால், எல்லா வகைக்கும் ஒரே ஊசி செய்ய வழி பிறக்கலாம். மையம் தேடுவது அதைத்தான். மலைக்காரர்களின் ரத்தம் தனிப் பிரிவாக வைக்கப்படும் என்றார்கள். அதற்குக் குறைந்தது இருபது பேராவது வேண்டும்.

இந்த வேலைக்கு அவள் வந்ததற்குக் காரணம் அவள் அப்பா அருணாசலம். மூச்சிரைப்புக்காரர். அவளே கீழே கூட்டிப்போய் ஃப்ளூ ஊசி போட்டுவிட்டாள். அந்த வருடம் வந்தது வேறு வகை. எட்டு நாளில் போய்விட்டார். "இந்த வருசம் கணிப்பு சரியா அமையலம்மா" என்றார் டாக்டர். ஒரு மனிதனின் மூச்சு யாரோ எங்கோ செய்த கணிப்பில் தொங்கியதை அவளால் ஏற்க முடியவில்லை. ஏற்க முடியாததால் உலகம் மாறிவிடுவதில்லை. அவள் வேலையில் சேர்ந்தாள், அவ்வளவுதான்.

தவறு அவளுடையது. ஊர் நோன்பு போன வருடம் வந்த தேதியை வைத்து ஊசிக்கு நாள் குறித்தாள். அந்த ஊரில் அம்மனிடம் பூக் கேட்டு, பூ விழுந்த பிறகே நாள் தெரியும் என்பது வெளியூர் ஆய்வாளருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவளுக்குத் தெரியும். தெரிந்தும் போன வருடத்தை நம்பினாள். இந்த முறை பூ முன்னதாக விழுந்தது. இருபத்து நான்காம் நாள் மாலை காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் ஊரில் ஒருவர் உடம்பிலிருந்தும் ரத்தம் சிந்தக் கூடாது. ஆண்கள் முகம் மழிப்பதில்லை. கடைசி நாள் கிடா வெட்டி முதல் ரத்தம் அம்மனுக்குப் போன பிறகுதான் மற்றதெல்லாம். கிடா வெட்டு முப்பத்திரண்டாம் நாள்.

ஊர்ப் பெரியவர் அப்பாசாமியிடம் போய் நின்றாள்.

"மாமா, ஒரு நாள் முன்னாடி கிடா வெட்டினா ஆகாதுங்களா?"

"ஏங் கண்ணு, உங்க டாக்டருக்கு அவசரம்னு அம்மன் முந்தியே பந்தியில உக்காந்து சாப்பிடுமா? கிடா வெட்டுற அன்னிக்கு வா. வரிசையா கையை நீட்டுறோம். நான்தான் மொத ஆளு."

"அன்னிக்கு எடுத்தா செல்லாதுங்க மாமா."

"எங்க ரத்தம் ஒரே நாள்ல கெட்டுப்போயிருமாக்கும்?"

மையத்தில் மேற்பார்வை பார்க்கும் பிரேமுக்குப் போன் செய்தாள்.

"ஒரே ஒரு நாள் சார்."

"அக்கா, ஒரு நாள் விட்டா அடுத்தவங்க ரெண்டு நாள் கேப்பாங்க. விதிமுறையில என் கையெழுத்து இல்லக்கா. இருந்தா நான் மாத்த மாட்டேனா?"

பூவை யாரும் மாற்ற முடியாது, விதிமுறையையும் யாரும் மாற்ற முடியாது. இரண்டு பக்கமும் பேசியவர்கள் நல்லவர்கள் என்பதுதான் அவளுக்கு எரிச்சல். கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள், பட்டியலில் இருந்த பாவாயி அவளைக் கூப்பிட்டாள். பாவாயியின் கொழுந்தன் இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. தீட்டு என்பதால் பங்காளி வீடுகள் மூன்றும் நோன்பில் சேரவில்லை.

"ஏனுங்க நர்ஸம்மா, எங்களுக்குத்தான் காப்பு இல்லியே. எங்க ஊட்டுல வந்து எடுங்க. கோயிலுக்கு ஆகாத ரத்தம் கவர்மென்ட்டுக்காவது ஆவட்டும்."

"கவர்மென்ட் இல்லீங்கக்கா, ஆய்வு."

"எதுவோ ஒண்ணு. வலிக்காம எடுங்க. போன தடவை மூணு நாள் மரவள்ளிக் கிழங்கு புடுங்க முடியல."

ஏழு பேர் கொடுத்தார்கள். ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளியில் காத்திருந்த மையத்து வண்டியில் ஏழு குழாய்களைச் சேர்த்தாள். ஏழு பேர் தனிப் பிரிவுக்குப் போதாது. அடிவாரத்து ஆட்களோடு சேர்த்துவிடுவோம் என்று மறுநாள் தகவல் வந்தது. மலை என்ற பெயர் அட்டவணையில் இருக்காது.

முப்பத்திரண்டாம் நாள் காலை கிடா வெட்டினார்கள். பத்து மணிக்கு அவள் வாசலில் ஆள் சேர ஆரம்பித்தது. மஞ்சள் தண்ணீர் காயாத வேட்டியோடு அப்பாசாமி முதலில் வந்து சட்டைக் கையை மடித்தார். பின்னால் பொன்னாயி, பெருமாயி, மாதேஸ்வரன். எண்ணிப் பார்த்தாள். இருபத்தொன்பது பேர்.

பேசாமல் எடுத்துக் கொட்டிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவர்களுக்குத் தெரியப்போவதில்லை; அடுத்த ஆய்வுக்கும் முகம் கோணாமல் வருவார்கள். அவள் அதைச் செய்யவில்லை. அதற்காக அவளைப் பாராட்ட வேண்டியதில்லை. வீணாகும் ரத்தத்தை எடுக்காமலிருப்பது மிகக் குறைந்த நேர்மை.

"நேத்தோட முடிஞ்சுபோச்சுங்க. இன்னிக்கு எடுத்தா குப்பைக்குத்தான் போகும். எல்லாரும் ஊட்டுக்குப் போங்க."

"அப்போ போன மாசம் எடுத்தது?" என்றாள் பொன்னாயி.

"அதுவும் தனியா உதவாதுங்கக்கா."

"நல்லா இருக்குடி உங்க கணக்கு. கூப்புட்டப்ப நாங்க வரணும், நாங்க வந்தா நீங்க இருக்க மாட்டீங்க."

அப்பாசாமி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்தார். அவர் ஏதாவது திட்டியிருக்கலாம் என்று கலைச்செல்வி நினைத்தாள்.

படிவங்களை எடுத்தாள். இரண்டாவது ரத்தம் ஏன் எடுக்கப்படவில்லை என்பதற்கு மூன்று கட்டங்கள் அச்சாகியிருந்தன: மறுத்துவிட்டார், ஊரில் இல்லை, இறந்துவிட்டார். "மறுத்துட்டாங்கன்னு போடுங்கக்கா" என்று பிரேம் சொல்லியிருந்தான். வராத ஐந்து பேருக்கு அப்படிப் போட்டாள். மற்ற இருபத்தொன்பதில் எந்தக் கட்டத்தையும் தொடாமல், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பேனாவால் எழுதினாள்: வந்தார், நாம் எடுக்கவில்லை. எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

கட்டம் நிரப்பாத படிவத்தைக் கம்ப்யூட்டர் வாங்கவில்லை என்று மறுநாள் பிரேம் போன் செய்தான்.