வெயிலைத் திருடிய அரக்கன்

தேயிலை மலையூரான தானா ராத்தாவின் மருத்துவமனையில் நான் கால் முறிந்து கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் பார்வை போன பழைய எஸ்டேட் கிராணி இருந்தார்; ஒருகாலத்தில் தோட்டத்து ஆட்களின் பேர் பதிந்து வேலை கொடுத்தவர். கொழுந்தெடுத்துக் காய்த்த கைகளோடு ஓர் அம்மாள் தினமும் வந்து அவருக்குச் சிறுவர் நாவல் ஒன்றை வாசிப்பார். வெயிலைத் திருடிய அரக்கனையும் அவனைப் பிடித்த பிள்ளைகளையும் பற்றிய கதை. ஐம்பது வயதில் நானும் சொக்கிப்போனேன்.

"பிள்ளைங்க அரக்கன மன்னிச்சாங்களா?" என்று கிராணி நான்கு நாளாகக் கெஞ்சினார்.

"நாளைக்குப் பாக்கலாம்" என்று அம்மாள் புத்தகத்தை மூடிவிடுவார்.

வராந்தாவில் அம்மாளிடம் காரணம் கேட்டேன்.

"காலையில பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப ஒரு நாள் பிந்திட்டேன். வயித்துப் பிள்ளையோட மழையில நின்னு, வேலை குடுங்கன்னு இவருகிட்டத்தான் கெஞ்சினேன். 'நாளைக்குப் பாக்கலாம்'னு அனுப்பிட்டாரு."

"கதையில மன்னிச்சாங்களா?"

"மன்னிச்சிட்டாங்க லா. அத இவருக்கு எதுக்குச் சொல்லணும்?"

உள்ளே போய், கிராணியின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.