கம்பத்தடியில் விழும் கடிகாரம்

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் 'கடிகாரம்'. நேரம் தவறாத மனிதர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்னை முதன்முதலாகச் சந்திக்க வருவதாகச் சொன்ன அன்றே ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தவர். அன்றைக்கே நான் எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை, அது என் தலையெழுத்து. பட்டப்பெயர் வந்தது வேறு காரணத்தால். இவர் பார்த்த வேலையே கடிகாரம் வைப்பதுதான்.

சுவரில் இல்லை, வீடியோ கேமுக்குள். அந்தக் காலத்து ஆட்டங்களில் திரையின் வலது மூலையில் ஓர் எண் இருக்கும். நூற்றிருபதில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறையும். பூஜ்யத்துக்கு வந்தால் கதை முடிந்தது, மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். வழியில் எங்காவது ஒரு குட்டி அலாரக் கடிகாரம் அந்தரத்தில் மிதக்கும். தாவி அதைத் தொட்டால் 'டிங்' என்று ஒரு சத்தம், எண்ணில் பதினைந்து கூடும். அந்தக் கடிகாரங்களை எங்கே மிதக்கவிடுவது என்று முடிவுசெய்வது இவர் பொறுப்பு. இப்போதைய ஆட்டங்கள் பலவற்றில் அந்த எண்ணே கிடையாது, எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்கிறார்கள். எனக்கு அதில் ருசி தட்டவில்லை.

ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அலுவலகம். ஆறு மேசை, இரண்டு பெரிய டிவி, எந்நேரமும் ரப்பர் வாசனை. கட்டம் போட்ட நீளத் தாளில் பென்சிலால் மேடும் பள்ளமும் வரைவார். ஒரு கட்டம் என்றால் ஓர் அடி வைப்பு. கடைசியில்தான் சிவப்புப் பென்சிலை எடுப்பார். சிவப்புப் புள்ளி வைத்த இடத்தில் கடிகாரம். ஒரு கையில் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு, எட்டு விநாடி செலவழித்தால் பதினைந்து விநாடி கிடைக்கும், கையில் நிற்பது ஏழு என்று முணுமுணுப்பார். சாப்பிடும்போதும் இதே முணுமுணுப்பு.

"ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் பதினஞ்சு பதினஞ்சா அள்ளிக் குடுங்க. வீட்டுக்கு வர மட்டும் உங்களுக்கு நேரம் கிடையாது" என்பேன்.

"வழியில எங்கயும் கடிகாரம் கிடைக்கலம்மா" என்பார். கோபம் வரும், சிரிப்பும் வந்து தொலைக்கும்.

மாமியார் காலமான பிறகு மாமா எங்களோடு வந்து இருந்தார். முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டியவர். யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தால் அவர்களை விட்டுவிட்டு வண்டியை எடுத்ததே இல்லை என்பதில் அவருக்குப் பெருமை. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மேலதிகாரி கொடுத்த கடிதங்களைக்கூட ஓர் உறைக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால் மட்டும் திணறுவார். "டிவி பொட்டிக்குள்ள என்னமோ வெக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். இவருக்கு அது சுருக்கென்று தைக்கும், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

அந்த வருஷம் மாமாவின் இடது கண் பார்வை போனது. வலது கண்ணையும் பார்த்துவிட்டு, வருஷக் கடைசி வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு திரும்பியதும் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இவர்தான் ஆபீஸ் கதையை எடுத்தார். புதிய ஆட்டத்தை முடிக்கிறவர்களுக்குக் கடைசித் திரையில் வேலை செய்தவர்கள் பெயரெல்லாம் வரும், இந்த முறை தன் பெயரும் உண்டு என்றார்.

மாமா நிமிர்ந்தார். "உன் பேரா? டிவியிலயா?"

"ஆமாப்பா."

"அத நான் பாத்துடணும்."

"ஆபீஸ்ல யாரையாவது ஆடி முடிக்கச் சொல்றேன், வந்து பாருங்க."

"எவனோ ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து வந்தா அது நான் போய்ச் சேந்ததா ஆகுமா? நானே ஓட்டி வந்து பாக்குறேன்."

பிடித்தால் பிடித்த பிடிதான். வேறு வழியில்லாமல் பாதி முடிந்த ஆட்டத்தை ஒரு கேசட்டில் போட்டு இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு தபால்காரன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கூரைக்குக் கூரை தாவி, தபால் நிலையம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். மொத்தம் எட்டுச் சுற்று. மாமாவுக்குக் கை நடுக்கம் கிடையாது. பள்ளத்தைக் கண்டால் சரியான இடத்தில் தாவினார். பழகிய கை, மூன்றே நாளில் என்னை மிரள வைத்தார். ஆனாலும் முதல் சுற்றையே அவரால் முடிக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் நேரம் தீர்ந்துபோனது.

காரணத்தைக் கண்டுபிடித்தது நான்தான். சும்மா அழகுக்காக இவர் வழிநெடுக, ஒரு சுற்றுக்கு எட்டு வீதம், கம்பங்களை வரைந்து வைத்திருந்தார். உச்சியில் ஒரு வட்டப் பலகை. மாமாவின் தபால்காரன் ஒவ்வொரு கம்பத்தடியிலும் போய் நின்றான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகுதான் கிளம்பினான்.

"மாமா, ஏன் கம்பத்துக்கம்பம் நிக்கிறீங்க?"

"நான் எங்கம்மா நின்னேன்?"

"இப்பக்கூட நிக்கிறீங்க."

குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தார். அது பொத்தானை விட்டு எழும்பியிருந்தது. "அட" என்றார். அடுத்த கம்பத்தில் நிற்காமல் போகிறேன் பார் என்று சொல்லிவிட்டு, அடுத்த கம்பத்திலும் நின்றார். முப்பத்தோரு வருஷம் பேருந்து நிறுத்தத்து வட்டப் பலகையைக் கண்டால் நிறுத்திய உடம்பு, அவர் சொல்வதைக் கேட்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து "போங்க, போங்க" என்று கத்திப் பார்த்தேன். எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

எட்டுக் கம்பம், கம்பத்துக்கு நாலு விநாடி, ஆக முப்பத்திரண்டு விநாடி ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீராய்ப் போனது. இவர் இரண்டு நாள் ஸ்டாப்வாட்சோடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அளந்தார். கம்பத்தை அழித்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். அது ஏனோ இவருக்கு மனசு வரவில்லை. மூன்றாம் நாள் தாளை விரித்து, ஒவ்வொரு சுற்றிலும் மாமாவின் கைக்கு எட்டாத இரண்டு கடிகாரத்தை மட்டும் அழித்து, கொண்டுபோய் இரண்டு கம்பத்தடியில் சிவப்புப் புள்ளி வைத்தார். ஓடுகிறவன் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. நிற்கிறவனுக்கு மட்டும் மேலேயிருந்து ஒரு கடிகாரம் விழும்.

முதலாளி தாளைப் பார்த்துவிட்டு எகிறிக் குதித்தார். கேசட்டில் இடம் குறைவு, ஒரு சுற்றுக்கு நாலு கடிகாரத்துக்கு மேல் தாங்காது. அதில் பாதியைக் கொண்டுபோய் யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒளித்து வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"நேரம் ஓடிட்டிருக்கப்ப கம்பத்துக்கிட்ட சும்மா நிக்க எவனுக்குய்யா பொறுமை இருக்கு?"

இவருக்குப் பொய் சொல்ல வராது. "எங்க அப்பாவுக்கு" என்றிருக்கிறார்.

"ஒரு ஆளுக்காக ரெண்டு கடிகாரமா?"

"ஒரு ஆளுன்னு எப்படி சார் சொல்ல முடியும்? நின்னு நிதானிச்சுப் போறவங்க இன்னும் எத்தனை பேர் இருப்பாங்களோ. அவங்க யாரும் நம்ம ஆட்டத்த முடிக்கவே முடியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது என்று எனக்குத் தெரியும், டீ போடப் போனேன். மாமா "வாங்க தம்பி, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். எட்டுக் கம்பத்திலும் நின்றார். நேரம் தீர்ந்தது. மறுபடி முதலிலிருந்து புறப்பட்டு மறுபடி நின்றார். முதலாளியின் டீ ஆறிப் போய்விட்டது.

வாசல் வரை வந்த இவரிடம், "ஒரு கம்பத்துக்கு எவ்வளவு நேரம் நிக்கிறாரு?" என்று கேட்டார்.

"நாலு செகண்ட் சார்."

"அப்ப மூணாவது செகண்ட்லயே விழுந்துடட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அந்த மனுஷனைப் பற்றி அதுவரை நான் பேசியதையெல்லாம் அன்றைக்கே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

கேசட் கடைக்கு வர இன்னும் ஐந்து மாதம் ஆனது. அதற்குள் மாமாவின் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தது. முதலில் சுவரோரம், பிறகு நடு அறை, கடைசியில் முழங்கால் டிவி மேசையில் இடித்தது. காலையில் பேப்பரை விரித்து வைத்திருப்பார், பக்கம் திருப்ப மாட்டார். நாங்கள் கவனிக்காத மாதிரி இருந்தோம். இவர் மட்டும் தினமும் ஆபீஸிலிருந்து நேரத்துக்கு வர ஆரம்பித்தார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

புதுக் கேசட் வந்ததும் முதலில் ஆடி முடித்தது நான். சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம், எனக்குக் கை வேகம். ஒரு கம்பத்திலும் நிற்காமல், மிதக்கிற கடிகாரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு பத்தே நாளில் எட்டுச் சுற்றையும் தாண்டினேன். கடைசித் திரையில் தபால்காரன் வெறும் பையோடு வீட்டுக்கு நடப்பான். மூலையில் எண் கிடையாது. நாம் நடத்தினால் நடப்பான், அவன் நடக்க நடக்கப் பின்னால் சுவரில் எழுதிய பெயர்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகும். நான் பழக்க தோஷத்தில் பொத்தானை அழுத்திப் பிடித்து ஓடவிட்டு, முடிஞ்சது என்று கையைத் தட்டினேன்.

"பேரு பாத்தியா?" என்று கேட்டார் இவர்.

"எந்தப் பேரு?" என்றேன்.

இவர் டம்ளரைக் கழுவப் போய்விட்டார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு முகம் சுடுகிறது.

மாமாவுக்குக் கூடுதலாக ஒரு மாதம் பிடித்தது. கம்பத்தடியில் நிற்பார், டிங் என்று விழும். தனக்காக வைத்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "நல்லா யோசிச்சுத்தான் பண்ணியிருக்கானுங்க. நின்னாத்தான் குடுக்குறான்" என்று என்னிடம் மெச்சிக்கொண்டார். முப்பத்திரண்டு விநாடி போனால் முப்பது திரும்பி வந்தது. மிச்சம் இரண்டை அவர் எப்படியோ சமாளித்துக்கொண்டார். சுற்றுக்குச் சுற்று அவர் கண்ணை இடுக்குவது கூடியது. பள்ளத்தைப் பார்த்துத் தாவினாரா, மனப்பாடமாகத் தாவினாரா என்று எனக்குச் சந்தேகம்.

எட்டாவது சுற்றை அவர் முடித்தது ஒரு மத்தியானம். இவர் அன்று லீவு. எண் மூன்றில் இருக்கும்போது தபால்காரன் கதவைத் தொட்டான். அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு நான் ஓடி வந்தேன்.

கடைசித் திரை வந்தது. பெயர்கள் நகர ஆரம்பித்தன. முதலாளி பெயர் போனது, புரோகிராம் எழுதிய பெண்ணின் பெயர் போனது. மாமா மூக்கு டிவிக் கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் குனிந்திருந்தார். எழுத்து சின்னது, நகர்ந்துகொண்டு வேறு இருந்தது. மாமாவும் என்னைப் போல அந்தப் பெயரைப் பார்க்காமலே கடந்து போய்விடுவார் போலிருந்தது. நிறுத்துங்க மாமா என்று கத்த வாயைத் திறந்தேன்.

அதற்குள் அங்கே ஒரு கம்பம் வந்தது. உச்சியில் வட்டப் பலகை. நான் ஓடின ஓட்டத்தில் அப்படி ஒரு கம்பம் இருந்ததையே பார்க்கவில்லை. மாமாவின் கட்டைவிரல் தானாக எழும்பியது. தபால்காரன் நின்றான், சுவரும் நின்றது. கம்பத்துக்குப் பக்கத்தில் இவர் பெயர்.

மாமா ஆள்காட்டி விரலைக் கண்ணாடியில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் படித்தார். ஒரு தரம் முடித்துவிட்டு இன்னொரு தரம் படித்தார்.

"உன் பேருதானடா இது?"

"ஆமாப்பா."

"கீழ என்னமோ போட்டிருக்கு."

"கடிகாரங்கள்னு போட்டிருக்குப்பா. நான் வெச்சது."

மாமா விரலை எடுக்கவில்லை. "கம்பத்துக்கிட்ட விழுந்ததும் நீ வெச்சதா?" என்று கேட்டார். இவர் ம் என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை முட்டியது, அடுப்பைச் சாக்காக வைத்துத் திரும்பிக்கொண்டேன்.

"இன்னும் பத்தடி நடந்தா வீடு வந்துடும்பா. ஆட்டம் முடிஞ்சிடும்" என்றார் இவர்.

"வரட்டும், இப்ப என்ன அவசரம்? நீங்க ரெண்டு பேரும் போய்ச் சாப்பிடுங்க. நான் கொஞ்ச நேரம் இங்க நிக்கிறேன்."

சாப்பிட்டுவிட்டு வந்தோம், நின்றுகொண்டிருந்தார். வெயில் தாழ்ந்தது, அப்போதும் நின்றார். எனக்கு அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியில் ஒரு தொடர் இருந்தது. நான் அவரிடம் டிவியைக் கேட்கவில்லை.