ஜமுக்காளத்தை நக்கிப் பார்த்தவன்

சித்தப்பா என் படுக்கையில் தண்ணீர் ஊற்றுகிறார் என்று பத்து வயதில் நான் மனதார நம்பினேன். இன்றைக்கு ஊரையே கேலி பேசித் திரிகிறவன், அன்றைக்கு ஒரு ஈர ஜமுக்காளத்துக்குப் பயந்து செத்தேன் என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை.

தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டிய வீடு எங்களுடையது. மாடியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புக் குவியல்கள். ஜமுக்காளத்தை நாங்கள் துவைப்பதே இல்லை. என்றைக்காவது வரும் குழாய்த் தண்ணீர் குடிக்கவே பற்றாது. ஆடி முழுக்க மாடிக் கொடியில் காற்றாடப் போட்டு, கம்பால் நாலு அடி அடித்து, உள்ளே எடுத்துக்கொள்வதோடு சரி.

ஐப்பசி பிறந்ததும் வினையும் பிறந்தது. காலையில் எழுந்தால் முதுகுக்கடியில் பிசுபிசுவென்று ஈரம். மழை இன்னும் விழவில்லை, கூரையும் ஒழுகவில்லை. அடுத்த வாரம் ஆத்தூரில் தாமிரபரணி ஆற்றங்கரையில் பள்ளிச் சாரணர் முகாம், மூன்று நாள், ஒரு கூடாரத்துக்கு எட்டுப் பேர். அங்கே படுக்கையை நனைத்தால், ‘படுக்கையில் மூத்திரம் போகிறவன்’ என்ற பட்டம் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறும்வரை கூடவே வரும்.

சந்தேகம் சித்தப்பா மேல் விழுந்ததற்குக் காரணம் உண்டு. கல்யாணமாகாத ஆள், என் அறையில்தான் படுப்பார். என் செருப்புக்குள் உயிர் நண்டை விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் பேப்பர் படித்தவர். நான் வீட்டிலிருந்த செம்பு, டம்ளர் எல்லாவற்றையும் ஒளித்துவைத்தேன். கால் தடம் பிடிக்க அம்மாவின் முகப்பவுடரைத் தரையெங்கும் தூவினேன். விடிந்ததும் பார்த்தால் ஒரே ஒருவருடைய தடம். என்னுடையது. தூவும்போது பதிந்தது.

“தரைக்குப் பவுடர் பூசி எங்க பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போகப் போறல?” என்று அம்மா என்னையே பெருக்கவிட்டாள். ஈரம் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. பச்சைத் தண்ணீர் என்றால் சித்தப்பா, இல்லையென்றால் நான். கதவைச் சாத்திக்கொண்டு, ஈரமான இடத்தை நுனிநாக்கால் தொட்டேன்.

உப்பு கரித்தது.

உலகம் அங்கேயே முடிந்தது. குற்றவாளியைப் பிடித்துவிட்டேன், அவன் என் அரைக்கால்சட்டைக்குள் நின்றுகொண்டிருந்தான். அன்று பூராவும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாளும் ஈரம். முகாமுக்கு வரவில்லை என்று வாத்தியாரிடம் சொல்ல, வயிற்றுவலியை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன்.

சித்தப்பாதான் மடக்கினார். “ஏலே, ஏன்ல மூஞ்சி இப்படித் தொங்குது?”

“படுக்கை ஈரமா இருக்கு சித்தப்பா. தெனமும்.”

“இதுக்கா? எம் படுக்கையும் நசநசன்னுதான்ல கெடக்கு.”

“ஒங்களுக்குமா?”

“எனக்கு என்ன, ஒங்க அப்பாவுக்கு, அம்மாவுக்கு, இந்தத் தெருவுக்கே அப்படித்தான். இங்கன பொறந்துட்டு ஈரத்துக்குப் பயந்தா முடியுமா?”

இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு லேசாகச் சொல்லும் மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. பரம்பரை வியாதி என்று தெரிந்ததும் பாதிப் பயம் போய்விட்டது. முகாமுக்குப் போனேன். அங்கே கோரைப்பாய் கொடுத்தார்கள். மூன்று நாளும் காலையில் எழுந்து தடவிப் பார்த்தேன். பாய் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. தாமிரபரணித் தண்ணீர் என்னைக் குணமாக்கிவிட்டது என்று முடிவுகட்டினேன்.

மூன்றாம் நாள் கூடாரத்தில் ஒரு பையன் நிஜமாகவே நனைத்துவிட்டு அழுதான். எல்லோரும் சிரித்தபோது நான் பெரிய மனதோடு எழுந்து, “இதுல என்னல சிரிப்பு? எங்க சித்தப்பாவுக்கே உண்டு, அவருக்கு முப்பது வயசு!” என்றேன்.

நாங்கள் ஊர் திரும்பிய வாரமே பலசரக்குக் கடை அண்ணாச்சி சித்தப்பாவைத் தனியாக அழைத்து, கோவைக்காய் சாப்பிட்டால் ராத்திரித் தொந்தரவு நின்றுவிடும் என்றாராம். என்ன தொந்தரவு என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. எனக்கும்தான் அப்போது புரியவில்லை.

ஈரத்தின் காரணம் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கடல் அலை சிதறினால் நீர்த்துளி காற்றிலேயே காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகளாக மிதக்கும். ஆடிக் காற்று அதையும் உப்பளத்துத் தூசியையும் மாடிக் கொடியில் கிடந்த ஜமுக்காளங்களுக்குள் அடைத்திருக்கிறது. ஐப்பசியில் காற்று ஈரமானதும், அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டது. நானும் நனைக்கவில்லை, சித்தப்பாவும் நனைக்கவில்லை.