குறையில்லை என்று எழுதிய கடிதம்

யாங்கோனில் தபால்காரர் மாடி ஏறமாட்டார். பசுந்தாங் பேட்டையில் நாங்கள் இருக்கும் ஐந்தாம் மாடியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப். கீழே காகிதத்தை மாட்டி இழுத்தால் மேலே மணி அடிக்கும். தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் விழுந்து விழுந்து சிரித்தேன். போன மழைக்காலத்தில் அப்படி மேலே வந்த உறையைப் பிரித்ததும் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

அனுப்பியவன் சேகர், என் கொழுந்தன். அமெரிக்காவில் குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டான். சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்டார்கள். வேடிக்கையைக் கேளுங்கள், கண்காணிக்கப்படுகிறவன்தான் அதற்கு மாதாமாதம் கட்டணம் கட்டவேண்டுமாம். கட்டாவிட்டால் கண்காணிப்பு நீளும், நாடு தாண்ட முடியாது. இங்கே அவன் அம்மா, என் அத்தை, அவன் அனுப்பும் பணத்தில்தான் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார்.

"வீட்டுக் கஷ்டத்தை எழுதி அனுப்புங்க அண்ணி, கட்டணத்தை ரத்து பண்ணுவாங்க" என்று போனில் கெஞ்சியிருந்தான். அங்கே கோயிலில் பழகிய ஒருவர் தமிழை மொழிபெயர்த்துத் தருவாராம். இந்த வீட்டில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"எடுத்த எடுப்புல அழுகைய எழுதாத தாயீ, கடுதாசில முதல்ல நல்லத எழுதணும்" என்றார் அத்தை. என் வளர்ப்பும் அப்படித்தான். 'இவ்விடம் யாவரும் நலம், ஆண்டவன் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை' என்று அழகாகத் தொடங்கினேன். கஷ்டத்தைக் கடைசி இரண்டு வரியில், வெட்கப்பட்டுக்கொண்டே எழுதினேன்.

கயிற்றில் வந்தது அந்த மனுவின் நிராகரிப்பு. முதல் வரியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார் அதிகாரி. "ஒரு குறையும் இல்லையாமே?" என்று சேகரிடம் கேட்டாராம். "அது எங்க பழக்கம் சார், கடுதாசின்னா அப்படித்தான் ஆரம்பிப்போம்" என்றிருக்கிறான். "நாங்கள் பழக்கத்தைக் கேட்கவில்லையே" என்றாராம். அடி பாவி, எழுத்தழகைக் காட்டப்போய் ஒருத்தன் தலையில் மண்ணைப் போட்டேனே என்று அன்றைக்கெல்லாம் அழுதேன்.

நிராகரித்த சேதியை அத்தையிடம் சொல்லாமல் மறுபடி எழுத உட்கார்ந்தேன். 'நாங்கள் நலமாக இல்லை.' அந்த ஒரு வரிக்கே கை வரவில்லை. எழுதியதும் மற்றதெல்லாம் கொட்டிவிட்டது. பபேடான் கடைத்தெருவில் என் கணவர் கடையை மூடியது, வாரம் மூன்று டயாலிசிஸ் ஒன்றானது, அத்தைக்கு மிஞ்சிப்போனால் மூன்று மாதம் என்று டாக்டர் எங்களிடம் மட்டும் சொன்னது.

"வாசி, கேப்போம்" என்றார் அத்தை. புதுக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பழைய கடிதத்தின் வரிகளை வாசிப்பதுபோல் சொன்னேன். "இதுதான் கடுதாசி" என்று சொல்லி, டாக்டர் சொன்ன வரிக்கு நேர் கீழே பர்மிய எழுத்தில் வட்ட வட்டமாகக் கையெழுத்துப் போட்டார்.

கட்டணம் ரத்தானது. கண்காணிப்பு மேற்கொண்டு நீளாது, ஆனால் முடிய இன்னும் ஐந்து மாதம். சேதி சொல்ல சேகர் வீடியோவில் வந்தான். அவன் முகத்தில் அங்கத்துக் காலை வெயில். இங்கே மீ, அதாவது கரண்ட், போயிருந்ததால் அத்தையின் முகத்துக்கு நேரே மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா, உன் அண்ணி நான் சொன்ன மாதிரி எழுதினா, அதான் நடந்துச்சு" என்றார் அத்தை பெருமையாக. "அவசரப்படாம வாய்யா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அந்தக் கடிதத்தை மொழிபெயர்ப்பில் முழுக்கப் படித்திருந்த சேகர் சிரித்தான். "சரிம்மா, மெதுவாவே வர்றேன்" என்றான்.