கண்ணிவெடி வண்டியில் பிரசவத்துக்குப் போனது

சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் கிளார்க்காக இருந்தபோது, கண்ணிவெடியையே தாங்கும் போலீஸ் வண்டி ஒன்று எங்களுக்கு வந்து சேர்ந்தது. எல்லைக் காட்டில் துப்பாக்கியோடு ஆட்கள் நடமாடுவதாக அப்போது பேச்சு. எங்கள் பாதையில் அதுவரை வெடித்தது லாரி டயர் மட்டும்தான். அந்த வண்டியைத் திருப்பி நிறுத்த மலையில் வேறு இடம் இல்லாததால், எங்கள் பேக்டரி முற்றத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

லாரியைவிட உயரம். அடிப்பாகம் படகு மாதிரி கூராக இருக்கும். கீழே குண்டு வெடித்தால் அதன் வேகம் இரண்டு பக்கமும் சிதறிப் போய்விடுமாம். கண்ணாடி செங்கல் கனம். கூடவே ஒரு டிரைவரும் ஓர் ஏட்டும். ஏட்டு ஈரோட்டுப் பக்கத்துக்காரர், தங்கமான மனிதர். ஆனால் எதைப் பார்த்தாலும் சந்தேகப்படப் பயிற்சி எடுத்தவர். வந்த வாரமே தேயிலைச் செடியோரம் இருந்த ஒரு டிபன் கேரியரைத் தூரத்தில் நின்று ஒரு மணி நேரம் கண்காணித்தார். கொழுந்து பறிக்கப் போன பெண் வந்து அதைத் திறந்து சாப்பிட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் மாதம் ஒரு நாள் காலையில் என் மனைவிக்கு இடுப்பு வலி கண்டது. இரண்டு வருடம் முன்பு, முதல் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே தவறிப் போயிருந்தது. இந்தத் தடவை எப்படியாவது நேரத்துக்குக் கூடலூர் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. பாதையைப் பார்த்து வரப் போன எஸ்டேட் ஜீப் டிரைவரோ போன வேகத்தில் திரும்பி வந்தார். இரண்டாம் வளைவில் ஒற்றை யானை நிற்கிறதாம்.

ஏட்டிடம் ஓடினேன். "யானை முட்டுனா இது சாயாதுங்களா?"

"குண்டுக்கே அசையாதுங்க. அம்மாவ ஏத்துங்க," என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

பின்பக்க இரும்பு ஏணியில் அவளைத் தூக்கி ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு காரியம் செய்துவிட்டார். இந்த வண்டிக்கு இதுவரை பூஜையே போடவில்லை என்பது அவருடைய நீண்ட நாள் மனக்குறை. எங்கள் சமையலறையிலிருந்தே ஒரு பூசணிக்காயை எடுத்து, துளை போட்டுக் குங்குமம் திணித்து, மேலே கற்பூரம் கொளுத்தி, கேட்டுக்கு நடுவில் வைத்தார். நாம் உடைப்பதைவிட இவ்வளவு பெரிய வண்டியே ஏறி நசுக்கினால் திருஷ்டி சுத்தமாகக் கழியும் என்று அவருக்கு எண்ணம்.

வண்டி இருபதடி நகர்ந்து நின்றது.

"ரோட்டுல உருண்டையா ஒரு பொருள். பொகை வருது," என்றார் ஏட்டு.

"ஏனுங்க, அது பூசணிக்காய்ங்க. திருஷ்டிக்கு வெச்சிருக்காங்க."

"உள்ள என்ன இருக்குதுன்னு பாத்தீங்களா?"

"குங்குமங்க. பக்கத்து ஊட்டு அக்காதான் வெச்சாங்க."

"அப்ப நீங்க பாக்கல."

கண்ணாடிக்கு வெளியே தொழிலாளிகள் எல்லாரும் உற்சாகமாகக் கையை ஆட்டி, ஏத்துங்க ஏத்துங்க என்று சைகை காட்டினார்கள். ஏட்டின் முகம் வெளுத்தது. "பாத்தீங்களா? நம்மள அதும்மேல ஏறச் சொல்றாங்க!" மைக்கைப் பிடித்து எல்லாரையும் நூறடி தள்ளிப் போகச் சொன்னார். அவர்களும் மரியாதையாகத் தள்ளிப் போய் நின்று, மறுபடியும் கையை ஆட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குண்டு மேல ஏறத்தானுங்களே இந்த வண்டியே செஞ்சிருக்குது?"

"தெரியாம ஏறுனா வண்டி தாங்கும். தெரிஞ்சு ஏறுனா நான்தானுங்க பதில் சொல்லோணும்."

கோயம்புத்தூரிலிருந்து வெடிகுண்டு நிபுணர்கள் வரும்வரை காத்திருக்கும்படி வயர்லெஸ்ஸில் பதில் வந்தது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு என் மணிக்கட்டை நெரித்தாள்.

"நானே போய் எடுத்து வீசறேனுங்க," என்று எழுந்தேன்.

"போங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா யாருக்குச் சொல்லி உடோணும்?" என்று ஏட்டு நோட்டைத் திறந்தார்.

பின்கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். அது பூசணிக்காய்தான். சந்தையில் தட்டிப் பார்த்து வாங்கி வந்தவனே நான். ஆனால் கைப்பிடியைத் திருப்ப முடியவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

"தள்ளுங்க," என்றாள் மனைவி.

நான்கு பேர் தூக்கி ஏற்றிய ஏணியில் அவள் தனியாக இறங்கினாள். வயிற்றைப் பிடித்தபடி நடந்து போய், பூசணிக்காயை எடுத்து ஓங்கிப் போட்டு உடைத்தாள். கை முழுக்கச் சிவப்போடு திரும்பி வந்து ஏறி, "போலாங்க," என்றாள். ஏட்டு எழுந்து சல்யூட் அடித்தார்.

இரண்டாம் வளைவில் யானை இல்லை, அது போட்ட லத்தி மட்டும் உருண்டையாக ஆவி பறக்கக் கிடந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். மனைவி ஏட்டைப் பார்த்த பார்வையில் வண்டி அதன்மேல் ஏறிப் போனது.

ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பார்த்து நர்ஸ் அலறிவிட்டார். அரை மணி நேரத்தில் மகள் பிறந்தாள். பிறந்ததும் வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். மனைவிதான் சொல்வாள். ஏட்டு மாதிரியே பேசிக் காட்டுவாள், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசியில் ஒவ்வொரு தடவையும், "இவருதான் தைரியமாக் கதவத் தொறந்து உட்டாருங்க, அப்பறந்தான் நான் எறங்குனேன்," என்பாள்.

கதவைத் திறந்ததும் அவள்தான்.